வீரன் மீது ஒரு புகார்

கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு தாயார் எமக்கு நான்கு பக்கத்திற் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் ஒரு பெரிய பாடசாலையின் றக்பிக் குழுவில் ஆடுபவன். கீழ்வகுப்பு மாணவன் ஒருவனைத் துன்புறுத்தினான் என்று அவன் மீது புகார் எழுந்ததாம். விசாரணை முடியும்வரை குழுவிலிருந்து விலகி நிற்குமாறு அதிபர் கட்டளையிட்டிருக்கிறாராம். "விசாரிப்பதற்கு முன்னரே தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?" என்று தாயார் கேட்கிறார். பெற்ற மனம் அல்லவா, கேட்கத்தான் செய்யும். ஆயினும் கடிதத்தின் அடியிலே, கையொப்பத்துக்கும் கீழே, வேறு மையினால் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "அடிபட்ட பிள்ளைக்கும் ஒரு தாய் இருப்பாள் என்பதை நான் மறந்துவிடவில்லை." நான்கு பக்கக் கடிதத்துக்கு மறுமொழி எழுதாமல் இருந்துவிடலாம், இந்த ஒரு வரிக்கு எழுதாமல் இருத்தல் இயலாது.

கண்டி நகரில் வாழ்வோர்க்கு விளையாட்டு வீரன் என்றால் யார் என்று சொல்லத் தேவையில்லை. றக்பிப் பருவம் வந்துவிட்டால் கடைத்தெருவில் மரக்கறி விற்பவர் முதல் கச்சேரி உத்தியோகத்தர் வரை எல்லோரும் ஆட்ட நுணுக்கம் பேசுவர். 1945 ஆம் ஆண்டில் தொடங்கிய பிராட்பிக் கேடயப் போட்டி கண்டியில் நடைபெறும் நாளில், கொழும்பு றோயல் கல்லூரியின் பழைய மாணவரும் திரினிற்றிக் கல்லூரியின் பழைய மாணவரும் வந்து குவிய, நகரத்து வீதிகளில் வாகனம் நகராது. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் பந்தை ஏந்திக்கொண்டு ஓடும்போது, அவன் பெயரை ஆயிரக்கணக்கானோர் கூவி அழைக்கின்றனர். திரினிற்றிக் கல்லூரியார் தம் தலைசிறந்த ஆட்டக்காரர்க்கு வழங்கும் 'சிங்க' விருதைப் பெற்ற மாணவனைச் சிறுவர்கள் வாயைப் பிளந்து பார்த்து நிற்பதை நாமே கண்டிருக்கிறோம். இவற்றில் எவ்விதக் குற்றமும் இல்லை. விளையாட்டில்லாத பாடசாலை உப்பில்லாத பண்டம். ஆனால், அத்தகைய ஒருவன் மீது புகார் வந்துவிட்டால் அதை விசாரிக்க அமரும் ஆசிரியரின் நெஞ்சிலும் அதே ஆரவாரம் கேட்டுக்கொண்டிருக்குமே, அங்கேதான் இடர் பிறக்கிறது.

இவ்விடரை மிகப் பெரிய அளவிற் கண்டது அமெரிக்க நாடு. அங்கே பல்கலைக்கழகங்களின் காற்பந்துக் குழுக்கள் (நாம் ஆடும் உதைபந்தாட்டம் அன்று, தலைக்கவசம் அணிந்து மோதும் அவர்களுடைய ஆட்டம்) வெறும் பொழுதுபோக்கு அல்ல, பெருஞ் செல்வத்தை ஈட்டும் தொழில். பயிற்றுநர் பெறும் சம்பளம் பல்கலைக்கழகத் தலைவரின் சம்பளத்தை விஞ்சுவது அங்கே வழமை. பேராசிரியர்கள் இதைக் கண்டு பெருமூச்சு விடுவதும் வழமை.

டெக்சாஸ் மாநிலத்தில் வேக்கோ என்னும் ஊரில் பேய்லர் பல்கலைக்கழகம் இருக்கிறது. பப்ரிஸ்த சபையார் நடத்தும் பழைய கல்விநிலையம். ஒழுக்கத்துக்குப் பெயர் பெற்றது. நெடுங்காலம் தோற்றுக்கொண்டிருந்த அதன் காற்பந்துக் குழு, ஆர்ட் பிரைல்ஸ் என்னும் பயிற்றுநர் வந்தபின் தலைநிமிர்ந்தது. 2013 இலும் 2014 இலும் தன் வட்டாரத்தின் வெற்றிவாகையைச் சூடியது. 26 கோடி டொலருக்கு மேற்பட்ட செலவில் ஆற்றங்கரையில் எழுப்பிய புதிய அரங்கு 2014 இல் திறக்கப்பட்டது. அதே 2014 ஆம் ஆண்டில் அக்குழுவில் ஆடியிருந்த ஒருவருக்குப் பெண்ணொருத்திக்கு இழைத்த வன்கொடுமைக்காக நீதிமன்றம் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஒன்றைத் தொடர்ந்து ஒன்றாகப் பல பெண்கள் பேசத் தொடங்கினர். ஈற்றில், வெளியிலிருந்து அமர்த்திய வழக்கறிஞர் நிறுவனம் ஒன்று விசாரித்தது. 2016 மே மாதத்தில் அதன் முடிவுகள் வெளிவந்தன.

அம்முடிவுகளை வாசித்தவர்க்கு மனத்தில் தைக்கும் செய்தி ஒன்று உண்டு. சில புகார்கள், பல்கலைக்கழகத்தில் அதற்கென இருந்த அலுவலகத்தைச் சென்று சேரவேயில்லை. காற்பந்துக் குழுவின் பயிற்றுநர்களும் பணியாளருமே முறையிட்டவரைச் சந்தித்து, தாமே 'விசாரித்து', தாமே அடக்கிவிட்டனர். வேறு சில புகார்களில், அலுவலர்கள் முறையிட்டவரை ஊக்காமல் பின்வாங்கச் செய்தனர். குழுவுக்கு வேறு சட்டம், மற்ற மாணவர்க்கு வேறு சட்டம் என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. பிரைல்ஸ் நீக்கப்பட்டார். பல்கலைக்கழகத் தலைவர் கென்னத் ஸ்டாரும் அப்பதவியை இழந்தார். இவர் யார் என்று மூத்த வாசகர்கள் நினைவுகூர்வர். ஜனாதிபதி கிளின்டனின் நடத்தையைத் துருவித் துருவி விசாரித்து, 1998 இல் நூற்றுக்கணக்கான பக்கத்தில் அறிக்கை எழுதியவர் இவரே! நாட்டுத் தலைவரின் வீட்டைத் துலக்கிய விளக்கு, தம் வீட்டு முற்றத்துக்கு எட்டவில்லை. மற்றொரு விந்தையும் கேளுங்கள்: அவ்வழக்கறிஞர்கள் தம் முழு விசாரணையையும் எழுத்தில் தரவில்லை, வாய்மொழியாகவே ஆளுநர் சபைக்குக் கூறினர். உலகுக்குக் கிடைத்தவை 13 பக்கங்கள் மட்டுமே. தேர்தெடுத்து உலகாளும் நாட்டிலும், எழுதிவைத்தால் வம்பு என்னும் எண்ணம் நம் ஊர்ச் சபைகளிற் போலவே இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, "இனிப் புகார் வந்த அன்றே ஆட்டக்காரனைத் துரத்திவிட வேண்டியதுதான்" என்று ஆத்திரப்படுவோர் இருப்பர். அவர்கள் வட கரோலினா மாநிலத்து டியூக் பல்கலைக்கழகத்தின் கதையையும் கேட்டல் வேண்டும்.

2006 மார்ச் மாதத்தில், டியூக்கின் லக்ரோஸ் குழுவினர் (கோலின் நுனியில் வலை கட்டிப் பந்தைப் பிடித்தெறியும் ஆட்டம் அது) ஒரு வீட்டில் நடத்திய விருந்துக்கு நடனமாட வரவழைக்கப்பட்ட பெண்ணொருத்தி, தாம் கெடுக்கப்பட்டதாக முறையிட்டார். அவர் கறுப்பினத்தவர், வறியவர். ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் செல்வ வீட்டு வெள்ளையர். ஊர் இரண்டுபட்டது. அரசு வழக்குத்தொடுநர் அப்பொழுது தேர்தலில் நின்றுகொண்டிருந்தார். நாள்தோறும் பத்திரிகையாளர் முன் தோன்றி மாணவரைத் தூற்றினார். பல்கலைக்கழகம் அப்பருவத்து ஆட்டங்களை அடியோடு நிறுத்தியது. பயிற்றுநர் மைக் பிரெஸ்லர் பதவி விலகினார். விலகச் செய்யப்பட்டார் எனின் பொருந்தும். ஆசிரியர்களில் 88 பேர் சேர்ந்து மாணவர் நாளிதழில் வெளியிட்ட ஒரு விளம்பரம், குற்றம் நிகழ்ந்தேவிட்டது என்னும் தொனியுடையது எனப் பின்னாளிற் பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. மூன்று மாணவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அவருள் ஒருவர் பட்டம் பெற்ற மறுநாளே குற்றஞ்சாட்டப்பட்டார்.

ஓராண்டு கழிந்தது. 2007 ஏப்ரல் 11 ஆம் நாள், அம்மாநிலத்தின் சட்டமா அதிபர் ரோய் கூப்பர் வழக்குகளைக் கைவிட்டார். சான்று போதாது என்று கூறி அமையவில்லை. மூவரும் நிரபராதிகள் என்றே பறைசாற்றினார். மரபணுப் பரிசோதனையில் மாணவர்க்குச் சார்பாக வந்த முடிவுகளை வழக்குத்தொடுநர் மறைத்துவிட்டமை வெளிப்பட்டு, அவர் சட்டத்தொழில் செய்யும் உரிமையை இழந்தார். பல்கலைக்கழகம் மாணவருடன் சமரசம் செய்துகொண்டது. அதன் தலைவர் ரிச்சர்ட் புரோட்ஹெட், மாணவர்க்கும் குடும்பத்தார்க்கும் துணைநிற்கத் தவறியமைக்காகப் பொதுமேடையில் வருத்தம் தெரிவித்தார். முறையிட்ட பெண், தாம் கூறியது பொய்யென 2024 டிசம்பரில் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டார். இடையில் ஓடியவை 18 ஆண்டுகள்.

நம் இலக்கியம் கற்றவர்க்கு இவ்விரண்டும் புதியன அல்ல. டியூக்கில் நடந்தது மதுரையில் நடந்ததே. பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு, 'கொன்று அச்சிலம்பு கொணர்க' என்று ஆராயாது ஏவிய பாண்டியன் செய்த பிழை அது. அவன் கொடியவன் அல்லன், அவசரக்காரன். பேய்லரில் நடந்ததோ, திருவாரூரில் நடவாமற் போனது. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்தபோது, "தேரில் வந்தவன் என் மைந்தன், அரசுக்கு ஒரே வாரிசு" என்று மனுநீதிச் சோழன் சொல்லியிருந்தால் எப்படியிருக்கும்? அவனுடைய அமைச்சர்கள் அவ்வாறுதான் சொல்லிப் பார்த்தனர். ஒவ்வொரு பாடசாலையிலும் அத்தகைய அமைச்சர்கள் இருக்கின்றனர். 'பழைய மாணவர் சங்கம்' என்ற பெயரோடு இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் அழைப்பார்கள்.

பேய்லரையும் டியூக்கையும் போன்ற நிகழ்ச்சிகளுக்கிடையே அமெரிக்கரின் விதிகளே ஊசலாடிக்கொண்டிருக்கின்றன. கல்விநிலையங்களில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடுக்க 1972 இல் ஆக்கப்பட்ட சட்டத்தின் கீழ், 2011 இல் அரசு ஒரு கடிதம் விடுத்தது: குற்றம் நடந்திருக்கக்கூடும் என்பது நடந்திராது என்பதிலும் சற்றே மிகுந்தால் அதுவே போதும் என்று. 2017 இல் அது மீட்டுக்கொள்ளப்பட்டது. 2020 இல், இரு திறத்தாரையும் நேரில் வைத்து, அவரவர் சார்பில் வருவோர் குறுக்கு விசாரணை செய்யவேண்டும் என்று புதுவிதி வந்தது. 2024 இல் அதுவும் மாறியது. 2025 சனவரியில் ஒரு நீதிமன்றம் அம்மாற்றத்தைத் தள்ளிவிட, மீண்டும் 2020 ஆம் ஆண்டு விதியே நின்றது. அரசு மாற விதி மாறும் நாட்டில், இடையில் அகப்பட்ட பையனும் பெண்ணும் எந்த விதியைப் பற்றுவர்?

நிற்க. இவையெல்லாம் கடல்கடந்த கதைகள். நம் பேராதனைக்கு வருவோம்.

1952 இல் மகாவலிக் கரையில் ஐவர் ஜெனிங்ஸ் குடியமர்த்திய இலங்கைப் பல்கலைக்கழகத்தை அந்நாளில் சர்வகலாசாலை என்றனர். நம் நாட்டில் பல்கலைக்கழக விளையாட்டினாற் பணம் வருவதில்லை. ஆதலால் ஆட்டக்காரன் என்பதற்காக அங்கே ஒருவனையும் காத்துநிற்கவேண்டிய தேவையில்லை. அங்கே காப்பாற்றப்பட்டவன் வேறொருவன். அவன் 'சிரேஷ்ட மாணவன்'. அவனுடைய பலம் பந்தில் இல்லை, எண்ணிக்கையில் இருந்தது. புதிய மாணவரைப் 'பழக்குவது' மரபு என்று அவன் சொன்னான்; பழக்கப்பட்டவர் மறுவருடம் பழக்கினர்; விடுதிக் காப்பாளர் தாமும் ஒருகாலத்தில் அப்படிப் பழக்கப்பட்டவரே ஆதலால், கதவைச் சாத்திக்கொண்டார்.

1975 இல் விவசாய பீடத்து மாணவி ரூபா ரத்னசீலி, இராமநாதன் விடுதியில் பகிடிவதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்தார். முதுகெலும்பு பாதிப்புற்று, சக்கர நாற்காலியில் வாழ்ந்து, 2002 இல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். பெண்கல்விக்காக 1913 இல் யாழ்ப்பாணத்தில் கல்லூரி நிறுவிய சேர் பொன். இராமநாதனின் பெயர் பூண்ட விடுதியில் இது நிகழ்ந்தது என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு கூசும்.

1997 ஒக்டோபரில், பொறியியற் பீடத்து முதலாண்டு மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதையினால் உடல் நலிந்து, சிறுநீரகம் செயலிழந்து மாண்டார். அப்பொழுது நாம் உயர்தர வகுப்பில் இருந்தோம். பேராதனைக்குப் போகவேண்டும் என்பதே எமது கனவு. செய்தி வந்த நாளன்று எம் அன்னையார் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வந்து, ஒன்றும் பேசாமல் எமது கணித நூல்களை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். மூன்று நாள் சாவியைத் தரவில்லை. பிள்ளை பொறியியலாளன் ஆகவேண்டும் என்று அதுவரை நேர்த்தி வைத்திருந்தவரும் அவரே. பின்னர் நாம் கலைப்பீடத்துக்குச் சென்றமைக்கு எமது கணித மதிப்பெண்ணே முதற் காரணம் எனினும், அந்தச் சாவிக்கும் அதிற் பங்குண்டு.

மறுவருடமே பாராளுமன்றம் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. பகிடிவதை செய்பவர்க்கும் அதிற் பங்குகொள்பவர்க்கும் இரண்டு ஆண்டு வரை கடூழியச் சிறை. அதனாற் பாரதூரமான காயமோ பாலியல் துன்புறுத்தலோ நேரின் பத்து ஆண்டு வரை. சட்டம் கடுமையானதே. எனினும் 2020 மார்ச்சில் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில், மேலிருந்து படிகளின் வழியே உருட்டிவிடப்பட்ட ஒரு பாரவண்டிச் சில்லு முதலாண்டு மாணவர் ஒருவரின் தலையைத் தாக்கிற்று. ஏட்டிலிருந்த சட்டம் அந்தச் சில்லைத் தடுக்கவில்லை.

எம்மைக் கேட்டால், இவ்வரலாற்றிற் பெரிதும் கவனிக்கத்தக்கது இச்சட்டத்துக்கும் முந்திய ஒரு நிகழ்ச்சி. 1974 இல் வித்தியாலங்காரத்தில், அஃதாவது இன்றைய களனிப் பல்கலைக்கழகத்தில், பயிற்சிக்கு வந்த கணித ஆசிரியர்கள் பகிடிவதைக்கு உள்ளாயினர். அரசாங்கம் குலரத்ன ஆணைக்குழுவை நியமித்தது. விளைவாக 12 மாணவர் வெளியேற்றப்பட்டனர். அத்தோடு நிற்கவில்லை, தக்க நடவடிக்கை எடுக்கத் தவறிய அலுவலர் நால்வரும் தண்டிக்கப்பட்டனர். கதவைச் சாத்திக்கொண்டவரையும் கேள்வி கேட்ட ஆணைக்குழு அது. அரை நூற்றாண்டுக்கு முன் நாம் கண்டுவிட்ட வழியை, பின்னர் ஏன் மறந்தோம்?

பல்கலைக்கழகத்தில் எண்ணிக்கை செய்யும் வேலையைப் பெரிய பாடசாலைகளில் பந்து செய்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு நேரான இடம் நம் நாட்டிற் பேராதனை அன்று. பழைய மாணவரும் கேடயமும் சுவரொட்டியும் உள்ள நம் நகரப் பாடசாலையே. ஆகவே கட்டுகஸ்தோட்டைத் தாயார் கேட்ட கேள்வி, பேய்லரும் டியூக்கும் விடை தேடித் தடுமாறிய அதே கேள்விதான்.

கட்டுகஸ்தோட்டை என்றதும் அவ்வூர்ப் புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்ற ஒருவரை நினையாதிருத்தல் கூடுமோ? முத்தையா முரளிதரன் மீது சாட்டப்பட்டது பிறரைத் துன்புறுத்திய குற்றம் அன்று. பந்தை வீசாமல் எறிகிறார் என்பது. ஆட்டக்காரனுக்கு அதுவும் மானக்கேடே. 1995 டிசம்பர் 26 ஆம் நாள் மெல்பேண் மைதானத்தில் நடுவர் டரல் ஹெயார், ஏழு தடவை அவர் பந்தை முறையற்றது என்று கூவினார். உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அதன்பின் நடந்ததைத்தான் நாம் கவனித்தல் வேண்டும். 1996 இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங் விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அவர் கை அளந்து ஆராயப்பட்டது. பிறவியிலேயே முழங்கை முற்றாக நிமிராது என்பதும், கண்ணுக்கு எறிதல் போலத் தோன்றுவது தோற்றமே என்பதும் தெரிந்தன. 2004 இல் 'தூஸ்ரா' என்னும் பந்தின் மீது மறுபடி புகார் வந்தபோதும் அவர் மறுக்காமல் ஆய்வுகூடத்துக்குச் சென்றார். முழங்கையை மடங்கவொட்டாத பட்டையைக் கட்டிக்கொண்டும் பந்து வீசிக் காட்டினார். சர்வதேச கிரிக்கெட் சபையார் மற்றப் பந்துவீச்சாளரையும் அளந்து பார்த்தனர்; குற்றமற்றவர் எனக் கருதப்பட்ட பலருடைய கையும் சிறிது மடங்கி நிமிர்வதைக் கண்டு, 2005 இல் எல்லோர்க்கும் பொதுவாக 15 பாகை என்று எல்லை வகுத்தனர். 2010 இல் காலியில் 800 ஆவது விக்கெட்டை வீழ்த்தி அவர் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்ந்தார்.

இதிலே எமக்குப் பிடித்தது விக்கெட்டுகளின் தொகை அன்று. "எம் வீரனை அளக்க நீ யார்?" என்று நம் நாடு கூவியபோதிலும், அளக்கப்பட்டவர் அதற்கு உடன்பட்டார். "எறிகிறான், எறிகிறான்" என்று அங்கே கூவியவர்களின் கூச்சலுக்கும் அளந்தவர்கள் செவிசாய்க்கவில்லை. கண்ணை நம்பாமற் கருவியை நம்பினர். நடத்தையை அளக்கக் கருவி இல்லைதான். அதற்குப் பதிலாக நமக்கு இருப்பவை திகதியிட்ட எழுத்தும், இரு பக்கத்தையும் கேட்கும் செவியும், ஆட்டத்தோடு தொடர்பில்லாத மனிதர் மூவருமே.

இப்பொழுது தாயாரின் கேள்விக்கு வருகிறோம். அம்மா, விசாரணை முடியும்வரை விலகி நில் என்பது தண்டனை அன்று, தண்டனையாக மாறக்கூடியது. முறையிட்ட சிறுவன் தினமும் அதே மைதானத்தின் ஓரமாக நடந்து வகுப்புக்குப் போகவேண்டியவன். உங்கள் மகன் அங்கே தலைவனாக நிற்க, சாட்சி சொல்லவேண்டிய மற்றச் சிறுவர்கள் அவனுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தால், உண்மை வெளிவருமா? ஆகவே விலக்கிவைத்தலில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு நாள் குறித்தல் வேண்டும். குற்றம் இன்னது என்று எழுதிக் கையிற் கொடுத்தல் வேண்டும். உங்கள் மகன் தன் பக்கத்தைச் சொல்ல, அருகில் நீங்களோ அவனுடைய தந்தையாரோ இருத்தல் வேண்டும். பயிற்றுநர் விசாரணைக் குழுவில் இருத்தல் ஆகாது. அவரோடு சண்டையிட்டவரும் இருத்தல் ஆகாது. இவை இல்லையெனின் அதிபரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. மகனை மறுநாளே ஆட்டத்தில் இறக்கும்படி கேட்பது மட்டும் உரிமையாகாது.

நாள் குறியாத விலக்கம் எவ்வளவு கொடிது என்பதற்கு அண்மைய உதாரணம் ஒன்று சொல்லலாம். 2022 நவம்பரில் சிட்னி நகரில் கைதாகிய தனுஷ்க குணதிலக்கவை இலங்கைக் கிரிக்கெட் சபை உடனே இடைநிறுத்தியது. 2023 செப்டெம்பரில் அந்நாட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒக்டோபரில் தடை நீங்கியது. நீதிமன்றத்துக்குச் சென்ற வழக்காதலின் பதினொரு மாதம் சென்றதைப் பொறுக்கலாம். பாடசாலை மாணவனின் வாழ்வில் ஒரு பருவம் போனால் மறுபருவத்துக்கு வயது கடந்துவிடும். பாடசாலை விசாரணைக்குப் பதினொரு மாதம் வேண்டியதில்லை. பதினொரு நாள் தாராளம்.

இவ்வளவும் எழுதிவிட்டு, எம்மைப் பற்றிய ஒன்றை மறைத்தல் தகாது.

ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், வேறொரு கல்லூரியில் நாம் கற்பித்த காலத்தில், மாணவர் விடுதியில் ஒன்பதாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் அறையப்பட்டுச் செவிப்பறை கிழிந்தது. கல்லூரியின் உதைபந்தாட்டக் குழுத் தலைவனே அடித்தான் என்றனர். விசாரிக்க அமைந்த மூவரில் நாமும் ஒருவர். இறுதிப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. "போட்டி முடியட்டுமே, பையன்கள் மனம் குலையக்கூடாது" என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். அவர் நல்லவர். நாம் தலையசைத்தோம். அச்செய்தியைச் சிறுவனின் தாயாரிடம் சொல்லும் பொறுப்பும் எமக்கே வந்தது. அவர் கொழுந்து பறிப்பவர்; தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு நாட் சம்பளத்தை இழந்து வந்திருந்தார். போட்டி முடிந்தபின் விசாரிப்போம் என்றோம். அவர் படலையைப் பார்த்தார், எம்மைப் பார்த்தார். "போட்டி எத்தனை மணிக்கு முடியும்ங்க ஐயா? இருந்து பார்த்துட்டுப் போறேன்" என்றார்.

மூன்று வாரம் என்று நாம் விளக்கியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை வந்து மகனை அழைத்துக்கொண்டு போய்விட்டார். போட்டியில் நம் கல்லூரி தோற்றது. விசாரணை நாளன்று முறையிட்டவனும் இல்லை, பார்த்தவர்க்கு ஞாபகமும் இல்லை. தலைவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்துக் கோவையை மூடினோம். அவனை அழைத்து ஒரு வார்த்தை கேட்டோமா என்றால், இல்லை. கேட்கத் தேவையில்லாதபடி எல்லாம் முடிந்திருந்தது.

சென்ற ஆண்டு குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஒருவர் எம் பையைப் பிடித்து இறக்க உதவினார். "சேர், என்னைத் தெரிகிறதா?" அவனேதான். இப்பொழுது மரக்கறி லொறி வைத்திருக்கிறானாம், இரண்டு பிள்ளைகள். பேசிக்கொண்டே இருந்தவன் திடீரென்று அந்தப் பேச்சை எடுத்தான். "சேர், நான் அவனைத் தள்ளினது உண்மை. காதில அறைஞ்சது நானில்லை. யார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நீங்கள் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கூப்பிடுவீங்கள் என்று மூன்று கிழமையும் பார்த்துக்கொண்டிருந்தேன்." அவன் சொன்னது மெய்யோ பொய்யோ, அதை அறிய இன்று எமக்கு வழியில்லை. அன்று இருந்தது.

அந்தச் சிறுவனின் பெயர் எமக்கு நினைவிருக்கிறது. தோட்டத்தின் பெயரும் நினைவிருக்கிறது. இரண்டு முறை விசாரித்தோம். குடும்பம் அங்கிருந்து பெயர்ந்துவிட்டது என்றனர்.

கட்டுகஸ்தோட்டைத் தாயார் தம் கடிதத்தில் முகவரியை ஒழுங்காக எழுதியிருக்கிறார். விசாரணைக்கு நாள் குறித்தாயிற்றா, முறையிட்ட சிறுவன் இன்னும் பாடசாலைக்கு வருகிறானா என்று கேட்டு இவ்வாரம் அவருக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறோம்.